வைராக்கியமும் மனச்சோர்வும்: அந்திக் காலத்தை எதிர்கொள்ளும் நெறி

 

மங்கலம் பொங்கும் ஆண்டு மலரில் மரணத்தைப் பற்றியும் மனச்சோர்வைப் பற்றியும் எழுதலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. திருக்குறளின் 133 அதிகாரங்களுள் 34ஆவது அதிகாரமாகிய ‘நிலையாமை’ முழுவதும் வாழ்வின் முடிவைப் பற்றியே பேசுகிறது. கடோபநிடதத்தில் நசிகேதன் என்னும் சிறுவன் யமனுடைய வாசலில் மூன்று இரவுகள் காத்திருந்து, மரணத்திடமே மரணத்தைப் பற்றிக் கேட்டறிகிறான். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்துகொள்ள நாம் நாடிச் செல்லும் திருக்கடையூர், காலனைக் காலால் உதைத்த பெருமான் எழுந்தருளியிருக்கும் தலமன்றோ? ஆகவே முடிவைப் பற்றிப் பேசுவது நமக்கு அமங்கலமன்று. பேசாமல் மூடி வைப்பதனால் வரும் துன்பமே பெரிது.

பேசவேண்டிய தேவையும் இன்று கூடியிருக்கிறது. 2030ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியவராக இருப்பார் என்று அரசாங்கம் கணித்துள்ளது. நம் ஆலயப் பிராகாரத்தில் வலம் வருவோரை ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் உற்று நோக்கினாலே இவ்வுண்மை விளங்கும். அவர்களுள் எத்தனை பேர் உடல் நோயோடு உள்ள நோயையும் சுமந்து வருகின்றனர் என்பது மட்டும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இரண்டு செய்திகளைப் பற்றி இக்கட்டுரையில் சிந்திப்போம். முதலாவது, முதுமையில் வரும் மனச்சோர்வை வைராக்கியம் என்று தவறாகக் கொள்ளாதிருப்பது. இரண்டாவது, தீராத நோயுற்றவர் தம் இறுதி நாள்களை அமைதியாகக் கழிக்க நாம் எவ்வாறு துணைநிற்பது என்பது.

ஒரே தோற்றம், இருவேறு நிலைகள்

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அங் மோ கியோ வீவக வீடொன்றில் எழுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருவர் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார். கணவர் மறைந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வந்து பூத்தொடுத்தவர், இப்போது வருவதில்லை. தொலைக்காட்சி பார்ப்பதில்லை. பேத்தி பள்ளியில் பரிசு வாங்கி வந்தாலும் முகம் மலர்வதில்லை. சோறு வைத்தால் இரண்டு கவளம் உண்டுவிட்டுத் தட்டை நகர்த்திவிடுகிறார். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். “எனக்கு எதுவும் வேண்டாம், சாமி எப்ப கூப்பிடுவாரோ” என்கிறார்.

வீட்டாரும் உறவினரும் என்ன சொல்கிறார்கள்? “அம்மாவுக்குப் பற்று விட்டுப் போச்சு. பக்குவம் வந்திடுச்சு” என்கிறார்கள். அதைக் கேட்டு மகனும் ஆறுதல் அடைகிறார். மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் எண்ணம் எவருக்கும் தோன்றுவதில்லை.

பற்றற்ற நிலையும் மனச்சோர்வும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலக் காணப்படும். இரண்டிலும் பேச்சுக் குறையும், ஆசை குறையும், உலக நடப்பில் நாட்டம் குறையும். ஆயினும் உள்ளே அவை முற்றிலும் மாறுபட்டவை.

வைராக்கியம் பற்றைக் குறைக்கும், அன்பைக் குறைக்காது. பற்றுக் குறைந்த பெரியவர் பேரப்பிள்ளையைக் கண்டதும் முன்னிலும் கனிவோடு சிரிப்பார். மனச்சோர்வு அன்பு ஊறும் ஊற்றையே அடைத்துவிடும்.

வைராக்கியம் உடையவர், “அழைப்பு வரும்போது போவேன், அதுவரை இருப்பேன்” என்பார். மனச்சோர்வு உற்றவரோ, “நான் இருந்து யாருக்கு என்ன பயன்? எல்லாருக்கும் பாரம்” என்பார். முன்னது நிறைவிலிருந்து எழும் சொல். பின்னது வலியிலிருந்து எழும் சொல்.

வைராக்கியம் வந்தவருக்கு வழிபாடு இனிக்கும். மனச்சோர்வு வந்தவருக்கு வழிபாடும் வெறுமையாகிவிடும். “கும்பிட்டாலும் ஒன்றும் தோன்றவில்லை, தெய்வமும் என்னைக் கைவிட்டுவிட்டது” என்று அவர் வருந்துவார். அவருடைய பக்தி குறைந்ததனால் இந்நிலை வருவதில்லை. காய்ச்சல் கண்ட நாவுக்குத் தேனும் கசப்பது போன்றதே இது.

இவ்வேறுபாடுகள் நாம் விழிப்படைவதற்கு உதவும் அடையாளங்களே. நோய் உண்டா, இல்லையா என்று முடிவு செய்யவேண்டியவர் மருத்துவர். ஐயம் எழுந்தால் அவரிடம் அழைத்துச் செல்வது நம் கடமை.

அருச்சுனன் அடைந்த சோர்வு

“சாமி கும்பிடுகிறவனுக்கு மனச்சோர்வு வரலாமா?” என்று கேட்போர் உண்டு. பகவத் கீதையின் முதல் அத்தியாயத்திற்கு என்ன பெயர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். ‘அருச்சுன விஷாத யோகம்’ என்பது அதன் பெயர். விஷாதம் என்றால் உள்ளத் தளர்ச்சி, துயரம். கண்ணபிரானையே தேர்ச்சாரதியாகப் பெற்றவன் அருச்சுனன். அத்தகையவனுக்கே கைகால் சோர்ந்தது, வாய் உலர்ந்தது, உடல் நடுங்கியது, காண்டீபம் கையிலிருந்து நழுவியது, மனம் சுழன்றது. நிற்கவும் இயலாமல் தேர்த்தட்டில் அமர்ந்துவிட்டான். இறைவன் அருகில் இருந்தும் உள்ளம் சோர்வது இயல்பே என்பதை இதைவிடத் தெளிவாக எவ்வாறு கூறுவது?

இங்கே நாம் கற்கவேண்டிய பாடங்கள் மூன்று. ஒன்று, அருச்சுனன் தன் சோர்வை மறைக்கவில்லை. உடலில் நேர்வதையும் உள்ளத்தில் நேர்வதையும் வெளிப்படையாகச் சொன்னான். இரண்டு, அவன் புலம்பி முடிக்கும் வரை கண்ணன் குறுக்கிடவில்லை. முதல் அத்தியாயத்தில் அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்று, “எனக்கு வழி தெரியவில்லை, எனக்கு எடுத்துச் சொல்” என்று அருச்சுனன் உதவி கேட்ட பிறகே உபதேசம் விரிகிறது. மனம்விட்டுச் சொல்லுதல், பொறுமையாகக் கேட்டல், தக்கவரிடம் உதவி நாடுதல் ஆகிய மூன்றையே இன்றைய மனநல மருத்துவர்களும் வலியுறுத்துகின்றனர்.

திலகவதியார் காட்டிய வழி

சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தில் திருநாவுக்கரசரின் தமக்கையார் திலகவதியாரின் வரலாறு வருகிறது. திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர் அவர். கலிப்பகையார் என்னும் வீரருக்கு மணம் பேசப்பட்டிருந்தது. தந்தையார் நோயுற்று மறைந்தார், தாயாரும் மறைந்தார், போர்க்களம் சென்ற கலிப்பகையாரும் திரும்பவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று இழப்புகள். வாழ்ந்து பயனில்லை என்று உயிரை விடத் துணிந்தார் அந்த இளம் பெண்.

அப்போது தம்பி மருணீக்கியார் அவர் திருவடிகளில் விழுந்தார். தாயும் தந்தையும் போன பின்னும் தமக்கையார் இருக்கிறார் என்பதனால்தான் தாம் உயிர் வாழ்வதாகவும், அவரும் போவதானால் தாம் முன்னரே போய்விடுவதாகவும் சொல்லி அழுதார். தம்பிக்காகத் திலகவதியார் உயிர் தாங்கினார். பின்னர்த் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, நாள்தோறும் திருவலகிடுதல், மெழுகுதல், பூக்கொய்து மாலை தொடுத்தல் ஆகிய தொண்டுகளில் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார்.

ஆண்டுகள் சென்றன. சமண சமயம் புகுந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றிருந்த தம்பியைக் கொடிய சூலை நோய் பற்றியது. வலி பொறுக்க இயலாத நிலையில் அவர் தமக்கையாருக்கு ஆள் அனுப்பினார். பின்னர் இரவோடு இரவாகத் தாமே வந்து சேர்ந்தார். தமக்கையார் பழைய கணக்கு எதையும் கேட்கவில்லை. திருநீறு அளித்து, திருப்பள்ளியெழுச்சிக்கு முன் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். தேவாரம் பாடிய நாவுக்கரசர் நமக்குக் கிடைத்தார்.

அந்தத் துயர நாளில் தம்பியின் சொல் தமக்கையாரைத் தடுத்திராவிட்டால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். “நீங்கள் எனக்கு வேண்டும்” என்ற பொருளில் ஒரு சிறுவன் சொன்ன சொல் ஓர் உயிரைக் காத்தது. அவ்வுயிர் பின்னர் அச்சிறுவனையே காத்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்க ஏங்குவதும் அந்தச் சொல்லைத்தான்.

மனச்சோர்வு ஒரு நோய்

கவலை யாருக்கும் வரும், வந்து போகும். மனச்சோர்வு என்னும் நோய் அவ்வாறு எளிதில் போவதில்லை. ஏறத்தாழ ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியும், இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் வாடியிருந்தாலோ, முன்பு விரும்பிய எதிலும் நாட்டம் இல்லாமற் போனாலோ மருத்துவர்கள் அதனைக் கருத்தில் கொள்கின்றனர். உறக்கக் கேடு, பசியின்மை, களைப்பு, கவனக் குறைவு, தம்மையே பழித்துக்கொள்ளுதல், சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை உடன் சேரும்.

முதியோரிடம் இந்நோய் வேறு வேடத்திலும் வரும். “மனசு சரியில்லை” என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். “முதுகு வலிக்குது, வயிறு சரியில்லை, தலை சுத்துது” என்பார்கள். சிலருக்கு மறதி கூடும். வீட்டார் அது முதுமை மறதி நோய் என்று அஞ்சுவார்கள். தைராய்டுக் குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, பக்கவாதம், பார்க்கின்சன் நோய், சில மருந்துகளின் பக்க விளைவு ஆகியவற்றாலும் மனச்சோர்வு தோன்றலாம். எனவே முதலில் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ உடலைச் சோதித்துக்கொள்வது நலம். ‘வயசானா அப்படித்தான்’ என்பது சரியான கருத்தன்று. முதுமை இயற்கை. மனச்சோர்வு முதுமையின் இயல்பான பகுதி அன்று. சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய நோய்.

சிகிச்சை இருவகைப்படும். ஒன்று ஆலோசகரிடம் பேசி எண்ணங்களைச் சீர்செய்யும் முறை. மற்றொன்று மருந்து. மருந்தின் பயன் முதல் நாளே தெரியாது. பெரும்பாலும் சில வாரங்கள் ஆகும். முதியோருக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகலாம். “நாலு நாள் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை” என்று நிறுத்திவிடுதல் கூடாது. குணமானதாகத் தோன்றியவுடன் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவதும் கூடாது.

“இது கர்மவினை. மருந்து என்ன செய்யும்?” என்று கேட்பவர்க்கு ஒரு விளக்கம். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினை மூவகைப்படும் என்பது சைவ சித்தாந்தம். நோய் பிராரத்தத்தால் வந்தது என்றே கொள்வோம். மருத்துவரும் மருந்தும் நமக்குக் கிட்டியது மட்டும் எதனால்? அதுவும் அவ்வினைப் பயனுள் அடங்கியதன்றோ? நீரிழிவுக்கு மாத்திரை உண்ணும்போது நாம் கர்மத்தைக் காரணம் காட்டுவதில்லையே! மேலும், துன்புறுபவரைக் கண்டும் காணாதது போலிருந்தால், அது நமக்கு ஆகாமியமாக வந்து சேரும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95ஆவது அதிகாரத்தில், மருத்துவத்திற்கு நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என நான்கு உறுப்புகளைக் குறிப்பிடுகிறார். முதல் மூன்று இருந்தும் நான்காமவர் இல்லாமையால் நலிவோர் பலர். மனச்சோர்வு உற்றவர் தாமே மருத்துவரிடம் போக எழமாட்டார். கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும்.

சொல்லத் தகாதவையும் தக்கவையும்

நல்லெண்ணத்தோடு நாம் சொல்லும் சில சொற்களே புண்ணைக் குத்திவிடும். “உங்களுக்கென்ன குறை? பிள்ளைகள் நன்றாய்த்தானே பார்த்துக்கொள்கிறார்கள்”, “மனத்தைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்”, “கோயிலுக்கு வராததால்தான் இப்படி”, “உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எவ்வளவு பேர்” போன்றவை அத்தகையன. கேட்பவர் தம் நோயோடு குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமக்க நேரும்.

மாறாக, “கொஞ்ச நாளா நீங்க சரியா சாப்பிடறதில்லை, எனக்குக் கவலையா இருக்கும்மா. என்ன செய்யுதுன்னு சொல்லுங்க” என்று கேட்கலாம். கேட்டபின் மௌனமாக இருந்து செவிசாய்க்கவேண்டும். தீர்வு சொல்ல அவசரப்படலாகாது.

ஒருவர் வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கிறாரோ என்ற ஐயம் எழுந்தால், அதனை நேராகவே கேட்கவேண்டும். அவ்வாறு கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடும் என்பது தவறான அச்சம். கேட்கப்பட்டதனால் பாரம் இறங்கியவர்களே மிகுதி. அவர் ஆம் என்றால் தனியே விட்டுவிடாமல், உடனே உதவியை நாடுங்கள். சிங்கப்பூரில் 1969ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் எஸ்ஓஎஸ் அமைப்பை 1767 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222. உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 995.

முன்னாளில் தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றமாக இருந்ததால் குடும்பங்கள் அஞ்சி மறைத்தன. சிங்கப்பூரில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது குற்றமன்று. மலேசியாவிலும் 2023ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது. உதவி கேட்பதால் வழக்கு வருமோ என்று இனி எவரும் தயங்கவேண்டியதில்லை.

நோய் தீராது என்றறிந்த பின்

இனி இரண்டாவது செய்திக்கு வருவோம். இந்நோய் இனித் தீராது என்று மருத்துவர் சொல்லிவிட்ட வேளையில் மனம் படும் பாடு பெரிது. மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர் ராஸ் அம்மையார் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அத்தகையோர் மனத்தில் எழும் நிலைகளாக மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்னும் ஐந்தைக் குறித்தார். இவை வரிசையாக ஏறவேண்டிய படிகள் அல்ல. முன்னும் பின்னுமாக வரும். சில வராமலும் போகும். நம்மவரிடத்தில் பேரம் நேர்த்திக்கடனாக வடிவெடுப்பதைக் காணலாம். “இந்தத் தைப்பூசத்துக்குள்ள எழுந்து நடந்துட்டா பால்குடம் எடுக்கிறேன்” என்று நோயாளி வேண்டிக்கொள்ளும்போது சிரிக்கவேண்டாம், கடிந்துகொள்ளவும் வேண்டாம். அது வாழ விரும்பும் உயிரின் குரல்.

பரீட்சித்து மன்னனின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. ஏழாம் நாள் தட்சகனால் மரணம் என்று சாபம் பெற்றவன் அவன். கங்கைக் கரையில் அமர்ந்து, சுகமுனிவரிடம் பாகவதம் கேட்டு அந்த ஏழு நாள்களையும் நிறைவாக்கிக்கொண்டான். அவனுக்குக் கிடைத்த நன்மை எது? தனக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்பதை அவன் அறிந்திருந்ததே. நாமோ, “அப்பாவிடம் சொல்லவேண்டாம், தாங்கமாட்டார்” என்று மருத்துவரைக் கைசாடை காட்டித் தடுக்கிறோம். அப்பாவுக்குப் பெரும்பாலும் தெரிந்தேயிருக்கும். அவரும் நமக்காக அறியாதவர் போல் நடிக்கிறார். இருவரும் நடித்துக்கொண்டிருக்கையில், சொல்லவேண்டிய நன்றியும் கேட்கவேண்டிய மன்னிப்பும் சொல்லப்படாமலே போய்விடுகின்றன. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறாரோ அவ்வளவையும் கனிவோடு அறியச் செய்வதே முறை.

இந்நிலையில் நாடத்தக்கது நோய்த்தணிப்புப் பராமரிப்பு. தாதியாகவும் சமூக சேவையாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967ஆம் ஆண்டில் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கி இத்துறைக்கு வழிகாட்டினார். இறப்பவரின் வலி உடல், மனம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கையும் சார்ந்தது என்பது அவர் கண்ட உண்மை. சிங்கப்பூரில் இப்பணி 1985ஆம் ஆண்டில் செயின்ட் ஜோசப் இல்லத்தில் தொடங்கியது. 1989ஆம் ஆண்டில் அமைந்த எச்சிஏ அமைப்பு, வீட்டுக்கே மருத்துவரையும் தாதியரையும் அனுப்பிக் கட்டணமின்றிச் சேவை புரிந்து வருகிறது. நோய்த்தணிப்புப் பராமரிப்பை நாடுவது பெற்றோரைக் கைவிடுவதாகாது. கடைசி நாளில்தான் நாடவேண்டும் என்பதுமில்லை. முன்னரே நாடினால் பயன் மிகுதி.

மார்பின் கொடுத்தால் சாவு விரைந்து வரும் என்று அஞ்சி மருந்தை மறுப்போர் நம்மிடையே உண்டு. தேர்ந்த மருத்துவர் அளவறிந்து கொடுக்கும் மார்பின் வலியையும் மூச்சுத் திணறலையும் தணிக்கும், உயிரைப் பறிக்காது. வலி அடங்கினால்தான் நாவில் நாமமும் எழும்.

இறுதி நேரத்தில் இறைநினைவு தப்பிவிடுமோ என்பது அடியார் பலரின் மறைமுகக் கவலை. கீதையின் எட்டாம் அத்தியாயம் இறுதி நினைவைப் பற்றிப் பேசுவதோடு, வாழ்நாளெல்லாம் பயின்றதே அவ்வேளையில் முன்வரும் என்றும் தெளிவுபடுத்துகிறது. பெரியாழ்வார், உடல் நலிந்த வேளையில் நினைக்க இயலாமற் போகலாம் என்றுணர்ந்து, நலமாயிருக்கும்போதே திருவரங்கத்து எம்பெருமானிடம் அதற்காக விண்ணப்பித்துக்கொண்டார். நம் நினைவு தவறினாலும் இறைவன் நினைவு தவறுவதில்லை என்பதே அடியார் உறுதி.

உலகியலிலும் இவ்வாறு முன்கூட்டிச் சொல்லிவைக்க வழிகள் உள்ளன. நமக்கு எத்தகைய பராமரிப்பு வேண்டும் என்பதைக் குடும்பத்தாரோடு பேசிப் பதிவு செய்வது முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம். நாம் முடிவெடுக்கும் திறன் இழந்தால் யார் நமக்காக முடிவெடுப்பது என்று நியமிப்பது, 2010ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள எல்பிஏ என்னும் அதிகாரப் பத்திரம். பிழைக்க இயலாத நிலையில் உணர்விழந்து கிடக்கும்போது உயிரைச் செயற்கையாக நீட்டிக்க வேண்டாம் என எழுதிவைப்பது, 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த முன்கூட்டிய மருத்துவ உத்தரவு. இவற்றைச் செய்துவைத்தால், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அண்ணனும் தம்பியும் முரண்படும் நிலை வராது.

இறுதி நாள்களில்

முடிவு நெருங்கும்போது உணவும் நீரும் தாமாகவே குறையும். உடல் விடைபெறும் முறை அது. பட்டினி போடுகிறோமே என்று வருந்தி வாயில் திணித்தல் கூடாது. விழுங்க இயலாதவர் வாயில் பால் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கித் துன்பம் தரும். தீர்த்தத்தையோ பாலையோ பஞ்சில் நனைத்து உதட்டில் தடவினால் போதும். சடங்கும் நிறைவேறும், உயிரும் துன்புறாது.

நினைவிழந்தவர் முன் எதையும் பேசலாம் என்று எண்ணாதீர்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இறக்கும் தறுவாயில் அசைவற்றுக் கிடந்த சிலரின் மூளை ஒலிகளுக்கு மறுமொழி காட்டியது தெரியவந்தது. செவி இறுதிவரை விழித்திருக்கக்கூடும். அருகமர்ந்து கையைப் பற்றி, மென்குரலில் தேவாரமோ திவ்வியப் பிரபந்தமோ பாடுங்கள். “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் அப்பா, நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்” என்று சொல்லுங்கள். சொத்துச் சண்டையை அந்த அறைக்குள் கொண்டுசெல்லாதீர்கள்.

ஆலயமும் அன்பர்களும் செய்யத்தக்கவை

கோபுரமும் விமானமும் எழுப்புதல் திருப்பணி. வாடிய உள்ளத்தை நிமிர்த்துதலும் திருப்பணியே. நாம் ஒவ்வொருவரும் எளிதில் தொடங்கக்கூடிய சில செயல்களை முன்வைக்கிறேன்.

வழக்கமாக வரும் ஒருவரை மூன்று வாரங்களாகக் காணவில்லை என்றால், ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்வோம். பிரசாதத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று அரைமணி நேரம் அமர்ந்து பேசிவருவோம். நடக்க இயலாதவரைக் கோயிலுக்கு அழைத்துவரக் கார் வைத்திருக்கும் அன்பர்கள் முன்வரலாம். அமர்ந்தபடி பூத்தொடுத்தல், வெற்றிலை அடுக்குதல், சிறுவர்களுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்தல் போன்ற தொண்டுகளை முதியோர்க்கென்றே ஒதுக்கலாம். ‘நான் வேண்டப்படுகிறேன்’ என்ற உணர்வு மருந்தோடு சேர்ந்து வேலை செய்யும். இழப்புற்ற வீட்டாரைக் கருமாதியோடு மறந்துவிடாமல், மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் சென்று காண்போம். கூட்டம் கலைந்த பிறகே வீடு வெறிச்சோடும். நோயாளியை இரவு பகலாகக் கவனிக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் வாரத்தில் ஒரு மாலையேனும் ஓய்வு கிடைக்க வழிசெய்வோம். கவனிப்பவரும் சோர்ந்துவிட்டால் இரு நோயாளிகள் ஆகிவிடுவர்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

நெடுங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் ஆதலால், பாடத்தின் முடிவில் வினா வைப்பது எனக்குப் பழகிவிட்டது. அன்பர்கள் இவற்றை வீட்டில் கூடியிருக்கும் வேளையில் கலந்து பேசலாம்.

1. நம் வீட்டுப் பெரியவர் கடைசியாக மனம்விட்டுச் சிரித்தது எப்போது?

2. அவர் “ஒன்றும் வேண்டாம்” என்பது நிறைவினாலா, வலியினாலா? கேட்டுப் பார்த்தோமா?

3. நமக்குக் கடும் நோய் வந்தால் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோமா?

4. ஆலயத்தில் நாம் காணாமற்போன முகம் யாருடையது?

நான்காவது வினாவுக்கு ஒரு பெயர் உங்கள் நினைவில் எழுமானால், இம்மலரைக் கீழே வைத்துவிட்டு, இன்றே அவரை அழைத்துப் பேசுங்கள். மற்றவற்றைப் பின்னர்ப் படிக்கலாம்.

பிறந்தார் யாவர்க்கும் முடிவு உண்டு. அம்முடிவு தனிமையிலும் இருளிலும் நேராமல் காப்பது நம் கையில் உள்ளது. எல்லாம் வல்ல பரம்பொருளின் திருவருள், நோயுற்றோர்க்கும் அவர்தம் அருகிருந்து காப்போர்க்கும் துணை நிற்பதாக!

வாழ்க வையகம்! வளர்க திருத்தொண்டு!